நாலாம் தொட்டியில் தொங்கிய தொப்பி

திருகு ஒரு சுற்றுக் கழன்று, அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தேன். காலைச் சுவரில் ஊன்றி மறுபடி திருகினேன். கதவின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. என் சட்டைப் பையில் செருகியிருந்த வாயு எச்சரிக்கைக் கருவி கத்த ஆரம்பித்தது. கீச்... கீச்... கீச்... அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு.

நான் ஓடவில்லை. அந்த எஃகுக் கதவுக்கு அந்தப் பக்கம் என் அக்கா புருஷன் இருந்தார்.

டொக்.

கொஞ்ச நேரம் முன்புவரை இரண்டு தட்டல்கள் வந்துகொண்டிருந்தன. இப்போது ஒன்றுதான். அதுவும் விரல் நுனியால் தட்டுவது போல.

"அத்தான், உக்காராதீங்க. எழுந்து நில்லுங்க. இதோ திறந்துட்டேன்."

திருகின் மேல் முழு எடையையும் போட்டு அழுத்தினேன்.

தலைக்கு மேலே, எங்கள் மதுக்கூடத்தில், யாரோ ஏதோ சொல்ல ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சனிக்கிழமை மாலை. மணி ஏழு பத்து. வெளியே வெளிச்சம்கூட இன்னும் முழுதாகப் போகவில்லை.

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரிய நடந்தது. எங்கள் மூவரையும் மூன்று அறைகளில் உட்கார வைத்துத் தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வோம். பகலில் கேட்டால் சொல்வோம். இருட்டிய பிறகு கேட்டால் அக்கா எழுந்து போய்விடுவாள்.

எங்கள் பீர் ஆலை அக்கா வீட்டுச் சமையலறையில் பிறந்தது. அத்தான் அப்போது லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் கலந்து, ஜாடியில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம்.

"எனக்கு ஒரு நாளாவது ஒரு டீ போட்டுக் குடுத்திருப்பீங்களா ரெண்டு பேரும்? இதுக்கு மட்டும் விடிய விடிய கிண்டறீங்க" என்பாள் அக்கா.

முதல் தடவை புளித்தது. இரண்டாம் தடவை அலமாரியில் அடுக்கியிருந்த பாட்டில்கள் நடு ராத்திரியில் ஒவ்வொன்றாக வெடித்தன. துப்பாக்கிச் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டார். மூன்றாம் தடவை வந்தது பாருங்கள்... அதை அதே பக்கத்து வீட்டுக்காரரே வந்து கேட்டு வாங்கிப் போனார்.

சமையலறையிலிருந்து கார் கொட்டகை. கொட்டகையிலிருந்து தெருமுனை பாருக்கு வாரம் ஒரு பீப்பாய். அது இரண்டாகி, ஆறாகி, நான் வாத்தியார் வேலையை விட்டேன். அத்தான் லிஃப்டுகளை விட்டார். ரயில் பாதையோரம் மூடிக் கிடந்த பழைய பால் பண்ணைக் கட்டடத்தைப் பிடித்தோம். தரைக்குக் கீழே, பால் கேன்களைக் குளிர வைத்த ஜன்னலே இல்லாத நிலவறை. அங்கே மூன்று புதுத் தொட்டிகள். மேலே மதுக்கூடம். அது அக்கா ராஜ்ஜியம். முதலாளி யார் என்று யாராவது கேட்டால் நானும் அத்தானும் ஒரே நேரத்தில் மாடியைக் காட்டுவோம்.

மூன்று தொட்டி போதவில்லை. நகரத்தில் எங்கள் பீர் கிடைக்காத பார்களில் எங்களைத் திட்டினார்கள். அப்போதுதான் பழைய இயந்திரத் தரகர் ஒருவர் வந்தார். வேறொரு ஊரில், வெகு காலம் முன்பு மூடிய ஆலை ஒன்றின் தொட்டி. தார்ப்பாய்க்கு அடியில் வெட்டவெளியில் நிற்கிறதாம். நல்ல எஃகு. எங்கள் மூன்றையும் சேர்த்தால் என்ன கொள்ளுமோ அதை அது ஒன்றே கொள்ளும்.

சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. கொண்டுவந்த பிறகு சுவரை மறுபடி எழுப்பினோம். இனி அது வெளியே போக வழியில்லை என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

குழாய் பொருத்த வந்தவரை நாங்கள் மீசை என்றுதான் கூப்பிடுவோம். அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"டேங்க்ல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா உள்பக்கம் முழுக்கக் குழி குழியா இருக்கு. எதை வச்சுக் குத்தினாங்க?"

விளக்கை வைத்துப் பார்த்தோம். கதவைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள். எல்லாம் உள்ளிருந்து வெளியே தள்ளியவை. ஜோடி ஜோடியாக. நெருக்கமாக இரண்டு. கொஞ்சம் தள்ளி இரண்டு. இன்னும் தள்ளி...

"பீருக்கு வெளிய வர அவசரம் போல" என்றார் அத்தான்.

சிரித்தோம்.

அந்தத் தொட்டியிலிருந்து வந்த பீர் எங்கள் தலையெழுத்தையே மாற்றியது. அதே பார்லி, அதே ஈஸ்ட், அதே தண்ணீர். ஆனால் குடித்தவர்கள் அடித்துச் சொன்னார்கள், இது வேறு என்று. "நாலாம் நம்பர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். நகரத்தின் பெரிய ஓட்டல்களிலிருந்து ஆள் வந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. மற்ற மூன்று தொட்டிகளைவிட நாலாவது எப்போதும் ஒரு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். வெப்பமானியை மாற்றினோம். குளிர்பதனக் குழாயை மாற்றினோம். ஒரு டிகிரி குறைவுதான்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு பயங்கரத்தைச் சொல்லியாக வேண்டும். பீர் புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும். காற்றைவிடக் கனம். பீரை வடித்த பிறகும் தொட்டிக்குள் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் தலையை விட்டால் இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சுக்கு ஆள் இருக்க மாட்டான்.

அதனால் தொட்டி கழுவ ஒரு முறை வைத்திருந்தோம். முதலில் பின்பக்கக் கதவைத் திறந்துபோட்டு மின்விசிறி வைத்து வாயுவை வெளியேற்ற வேண்டும். கருவியை உள்ளே விட்டுச் சோதிக்க வேண்டும். உள்ளே போகிறவர் தன் தொப்பியைக் கழற்றித் தொட்டியின் முன்பக்கக் குழாய்ப்பிடியில் மாட்ட வேண்டும். நிலவறைக் குளிருக்கு எல்லோருமே தொப்பி போட்டிருப்போம். அக்கா பின்னிய நீலக் கம்பளித் தொப்பி. தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார், எதையும் தொடாதே. வெளியே இருப்பவர் அவ்வப்போது மூன்று தட்டு தட்டுவார். நலமா? உள்ளே இருப்பவர் இரண்டு தட்டுவார். நலம்.

தொப்பி, மூன்று, இரண்டு. எல்லா ஆலைகளிலும் இதுதான் முறை என்று சொல்லித் தந்தது அந்தத் தரகர்தான்.

பதில் வராவிட்டால் மேலே ஓடி ஆளைக் கூட்ட வேண்டும். பின்னாலேயே உள்ளே போகக் கூடாது. இதுதான் முதல் விதி. சுவரிலேயே எழுதி வைத்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நாலாம் தொட்டியை வடித்து முடித்தோம். திங்கட்கிழமை அதில் புதுச் சரக்கு விழுந்தாக வேண்டும். ஓட்டல்களுக்குப் போகும் முதல் லோடு.

"சாயங்காலம் நானே கழுவிடறேன் மாப்ள. நீ ஒண்ணாம் நம்பரைப் பாரு" என்றார் அத்தான்.

ஆறரை மணிக்கு நான் நிலவறையில் இறங்கினேன். ஒன்றாம் தொட்டியில் பம்பைப் போட்டேன். அது ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கடைசியில், மஞ்சள் விளக்கு எட்டாத மூலையில் நாலாம் தொட்டி. முன்பக்கக் குழாய்ப்பிடியில் தொப்பி தொங்கியது.

சரி, அத்தான் உள்ளே போய்விட்டார்.

நடந்துபோய்க் குறட்டால் தொட்டியைத் தட்டினேன்.

டொக் டொக் டொக்.

உள்ளிருந்து உடனே பதில்.

டொக் டொக்.

திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். ஆறு ஐம்பதுக்கு மறுபடி தட்டினேன். இரண்டு வந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. களைத்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லையே.

சுற்றிலும் பார்த்தேன். மின்விசிறி படிக்கட்டுக்கு அடியில், அதன் இடத்திலேயே இருந்தது. அதன்மேல் தூசி.

டொக்... ... டொக்.

நான் தட்டவில்லை. அதுவாகவே வந்தது.

தொட்டியைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. முழங்கால் உயரத்தில் அந்த முட்டை வடிவக் கதவு. அது திறந்திருக்க வேண்டும்.

மூடியிருந்தது.

மூடி, வெளியிலிருந்து திருகு இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருப்பவர் அதைச் செய்யவே முடியாது. மீசை வந்திருப்பார், ஆள் இருப்பது தெரியாமல் மூடிவிட்டுப் போயிருப்பார் என்று அந்த நொடியில் என் மூளை ஒரு காரணம் கண்டுபிடித்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

உள்ளே அத்தான். மூடிய தொட்டி. விசிறி ஓடவில்லை.

முன்பக்கம் ஓடிவந்து, யாரும் குழாயைத் திறந்துவிடாதபடி பிடியைப் பூட்டினேன். பூட்டுவதற்காகத் தொப்பியைக் கழற்றினேன். உள்பக்கம் ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. இப்போதுதான் ஒரு தலையிலிருந்து எடுத்தது போல. அதைத் தரையில் எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினேன்.

திருகு ஒரு சுற்றுக் கழன்று நின்றது.

மணி ஏழு பத்து.

முழு பலத்தையும் போட்டு ஒரு இழு. கழன்றது. கதவு திறந்துகொண்டது.

முழங்காலில் ஏதோ குளிர்ச்சியாக வந்து மோதியது. வாயு. தரையெங்கும் பரவியது. மூக்கில் சோடா ஏறியது போல எரிந்தது. கருவி இப்போது விட்டுவிட்டுக் கத்தவில்லை. ஒரே நீளக் கீச்சு.

சுவரில் எழுதியது கண்முன்னே இருந்தது. பின்னாலேயே போகாதே.

மாடிக்கு எத்தனை படி. அதற்குள் அத்தான்...

மூச்சை இழுத்துப் பிடித்தேன். கைவிளக்கை நீட்டினேன். தலையையும் தோளையும் உள்ளே விட்டேன்.

இருட்டு.

விளக்கு ஒளியில் இரண்டு பூட்ஸ்கள் தெரிந்தன. அடிப்பாகம் என்னைப் பார்த்தபடி. குப்புறக் கிடக்கிறார்.

கையை நீட்டினேன். எட்டவில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன். எட்டவில்லை.

அந்தத் தொட்டியின் குறுக்களவு எனக்குத் தெரியும். இரண்டு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொட்டுவிடலாம். நான் இடுப்புவரை உள்ளே இருந்தேன். பூட்ஸ்கள் இன்னும் தள்ளியே இருந்தன. சுவர் இருக்க வேண்டிய இடத்துக்கும் அப்பால்...

பிடித்திருந்த மூச்சு முடிந்தது.

வலது பூட்ஸின் முனை மெல்ல உயர்ந்தது.

டொக்.

மறுபடி உயர்ந்தது.

டொக்.

நலம்.

பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது நிலவறைப் படிக்கட்டின் உச்சியில் கிடந்தேன். அக்கா என் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தாள். காலிப் பீப்பாய்க்கு மாற்று எடுக்க இறங்கியவள், தொட்டிக்குப் பின்னாலிருந்து கருவி கத்துவதைக் கேட்டிருக்கிறாள். வந்து பார்த்தால் கதவுக்கு வெளியே என் இரண்டு கால்கள். அவளும் முதல் விதியை மறந்தவள்தான். மூச்சை அடக்கிக்கொண்டு கால்களைப் பிடித்து வெளியே இழுத்து, படிப்படியாக மேலே ஏற்றியிருக்கிறாள்.

"உள்ள... அத்தான்..." என்றேன்.

அக்காவின் முகம் வெளுத்தது. மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

அத்தான் மதுக்கூடக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. கையில் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கோப்பை. தலையில் நீலத் தொப்பி.

"அஞ்சு மணியிலேர்ந்து உங்கக்கா என்னை மேலயே நிறுத்தி வச்சிருக்கா. கூட்டம்னு. நான் இன்னும் கீழ இறங்கவே இல்லையே மாப்ள" என்றார்.

அன்றிரவு நிலவறைக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, விசிறிகளை ஓடவிட்டு, கருவி பச்சை காட்டிய பிறகுதான் இறங்கினோம். அத்தான் தொட்டிக்குள் விளக்கைப் பிடித்தார். காலி. துடைத்து வைத்தது போலக் காலி.

தரையில் கிடந்த தொப்பியை அக்கா விரல் நுனியால் எடுத்தாள். விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது நான் பின்னினது இல்ல."

நீலம் இல்லை. சாம்பல் நிறம். கம்பளியும் இல்லை. தடித்த துணி, பழைய தையல். அந்த மங்கல் வெளிச்சத்தில் நான் கவனிக்கவே இல்லை.

 வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது அக்கா ஒன்று சொன்னாள்.

"உன்னை இழுத்தேன்ல... ரொம்பக் கனமா இருந்தடா. ஒரு ஆளோட கனம் இல்ல அது."

மீசை தொட்டியைச் சுரண்டிப் பார்த்தார். பெயின்ட்டுக்கு அடியில் பழைய ஆலையின் பெயர் பொறித்த தகடு இருந்தது. அத்தானும் நானும் அந்த ஊருக்குப் போனோம். ஆலை இப்போது சிமென்ட் கிடங்கு. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் இன்னும் ஊரில் இருந்தார். ஈஸ்ட் பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மா. வயது எழுபதுக்கு மேல். நல்ல நிமிர்ந்த நடை. கதவைத் திறந்ததும், "விக்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?" என்றார்.

நாலாம் தொட்டியைப் பற்றிச் சொன்னோம். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. உட்காரச் சொன்னார். தொப்பி வைத்திருந்த பையை மேஜைமேல் வைத்தேன். இன்னும் பிரிக்கவில்லை.

"இப்ப டேங்க்கை என்ன பண்ணிருக்கீங்க?"

"கதவை மூடி வெல்டிங் வச்சுட்டோம்மா. வெளிய எடுக்க வழியில்ல" என்றார் அத்தான்.

"தட்டுதா?"

அத்தான் விரலால் மேஜையில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

"இதே மாதிரி ஒரு சாயங்காலந்தான். கீழ ரெண்டு பேரு வேலை பார்த்துட்டு இருந்தாங்க. குழாய்ப்பிடியில தொப்பி தொங்குது. உள்ளேர்ந்து தட்டற சத்தம். சத்தம் கொறையுது. பதறிப்போய் ஒருத்தன் கதவைத் திறந்து உள்ள போனான். வரல. அவனை இழுக்க அடுத்தவன் போனான். அவனும் வரல. மேலேர்ந்து மேஸ்திரி ஓடி வந்தாரு. ரெண்டு பேர் காலும் தெரியுது. அவரும் குனிஞ்சாரு."

"மூணு பேரும்..." என்றேன்.

"மூணு பேரும்."

அத்தான் மெல்லச் சொன்னார். "அப்ப முதல்ல உள்ள மாட்டினவரோட சேர்த்து நாலு பேர் போயிட்டாங்க. அந்த முதல் ஆள்தான் இப்பவும் தட்டறார்."

அந்த அம்மா இல்லை என்று தலையசைத்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. முற்றத்துல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினது நான்தான். அன்னைக்கு வேலைக்கு வந்தவங்க பதினொரு பேர். எட்டுப் பேர் என் முன்னால நின்னாங்க. மூணு பேரைத் தூக்கிட்டு வந்தாங்க. அவ்வளவுதான். யாரும் குறையல. மூணு பேர் தலையிலயும் அவங்கவங்க தொப்பி இருந்துச்சு."



"அவங்க யாரைக் காப்பாத்த உள்ள போனாங்களோ, அப்படி ஒரு ஆளே இல்ல. தொங்கிட்டு இருந்த தொப்பி மட்டும்தான் மிச்சம்."

நான் பையைப் பிரித்தேன். சாம்பல் நிறத் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். 

"இதை... அன்னைக்கு ராத்திரியே நான் பாய்லர் நெருப்புல போட்டு எரிச்சேன். சாம்பலாகற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்."